லாச்சப்பல் மெத்ரோவின் இடப்பக்கப் படி

1985ஆம் ஆண்டு தை மாதம் தொடங்கி, லாச்சப்பல் மெத்ரோ நிலையத்தின் இடப்பக்கப் படியால் இறங்கிய போதெல்லாம் இராயப்பு பாங்கொக்கில் போய் நின்றார். வலப்பக்கப் படியால் இறங்கினால் எல்லோரையும் போலப் பாரிசுக்குத்தான் வந்தார். மற்றவர்களுக்கு இரண்டு படிகளும் ஒரே வீதிக்குத்தான் போயின. அந்த நிலையம் வீதிக்கு மேலே இரும்புத் தூண்களில் நிற்பது. வெளியே போக வேண்டுமானால் இறங்கித்தான் ஆக வேண்டும். அப்படி இறங்கிய முதல்நாள் பாரிஸ் முழுக்க உறைபனி. இராயப்பு கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டு இறங்கினார். கடைசிப் படியில் முகத்தில் வெயில் அடித்தது, வாய்க்கால் தண்ணீர் மணத்தது, ஒரு மூன்று சில்லு வண்டி அவர் காலை உரசிக்கொண்டு போனது. தொப்பியைக் கழற்றிக் கைக்குள் வைத்துக்கொண்டார்.

அது எந்த ஊர் என்று அவருக்குச் சொல்லித்தர ஆள் தேவைப்படவில்லை. இராயப்பு மன்னார்க்காரர். கொழும்பில் கடை வைத்திருந்து, 83 கலவரத்தில் அது எரிவதைத் தெருமுனையில் நின்று பார்த்தவர். பாங்கொக்கில் சில மாதம் ஒளித்திருந்துதான் பாரிசுக்கு வந்து சேர்ந்தார். பின்னால் வந்த மனைவி மரியமலரை ஏஜென்ட் அதே பாங்கொக்கில் ஒரு விடுதியில் இறக்கிவிட்டுக் கைகழுவிவிட்டான். விடுதிக்குப் பொலிஸ் வந்த அன்று மரியமலர் பின்வாசலால் ஓடினார் என்பது மட்டும் தெரியும். அதற்குப் பிறகு ஒரு சேதியும் இல்லை. பாரிசில் மற்றவர்கள் அவரை இறந்தவர் கணக்கில் சேர்த்து மெதுவாகப் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஆகவே அதிசயத்தைக் கண்டு வாய்பிளந்து நிற்க இராயப்புவுக்கு நேரமிருக்கவில்லை. அன்றைக்கே தேடத் தொடங்கினார்.

மாலையில் ஒரு உணவகத்தில் கோப்பை கழுவுவது அவர் வேலை. காலையில் படியிறங்கினால் அங்கே பின்னேரமாக இருக்கும். பாங்கொக்கில் வழி கேட்பது வீண்வேலை என்று சீக்கிரமே கண்டுகொண்டார். தெரியாது என்று சொல்வது மரியாதையில்லை என்று நினைக்கிற சனம், அவர் கைகாட்டிக் கேட்ட திசையையே சிரித்தபடி காட்டியது. பஸ்ஸின் இலக்கம் விளங்கினாலும் போகிற ஊரின் பெயர் கோலம் போட்டதுபோல் இருந்தது. ஒரே இலக்கத்தில் இரண்டு பஸ், வேறு வேறு பாதையில் போயின. மூன்று சில்லு வண்டிக்காரன் சொன்ன இடத்துக்குப் போகாமல் தன் மச்சானின் தையற்கடையில் இறக்கிவிட்டான். வாய்க்கால் படகோ கரையில் நிற்பதே இல்லை, தொட்டுவிட்டுப் போய்விடும். பாய்ந்து ஏற வேண்டும். இத்தனை அமளியிலும் வண்டிகள் ஊரில் போல இடப்பக்கமாய் ஓடியது அவருக்கு ஆறுதல். பாங்கொக்கின் பெருந்தெருக்களைப் பயமின்றிக் கடந்தவர், பாரிசில் மறுபக்கம் பார்த்து இறங்கி இருமுறை காரில் அடிபடப் பார்த்தார்.

லாச்சப்பல் நிலையத்தில் தீக்கே, அதாவது பயணச்சீட்டு, கொடுப்பவர் லூசியன், பாண்டிச்சேரிக்காரர். தன் உத்தியோகத்தில் சந்தேகமே இல்லாத மனிதர். திரும்பி ஏறும்போது பழைய தீக்கே செல்லுமா என்று இராயப்பு கேட்டார்.

“வெளிய போனா போனதுதான் மிசியே. திரும்ப ஏறணும்னா புது தீக்கே வாங்கணும். பாங்கொக்கா இருந்தா என்ன, அடுத்த ஸ்டேஷன் பார்பெஸா இருந்தா என்ன?” என்றார் லூசியன்.

இராயப்பு குடியிருந்தது கிறிஸ்தோப்பரின் பலசரக்குக் கடைக்கு மேலிருந்த அறையில். பாரிசில் ஒரு துளி விழாத நாளிலும் அவர் மழையில் நனைந்து வருவார். “அண்ணை, உடுப்பைப் பிழிஞ்சுபோட்டு உள்ளை வாங்கோ. அரிசி மூட்டை கிடக்குது” என்பார் கிறிஸ்தோப்பர். அவர் வேறொன்றும் கேட்கவில்லை. எங்கள் சனம் நிறைந்த லாச்சப்பலும் கேட்கவில்லை. அகதிக்காட் கிடைப்பதே அதிசயமாயிருந்த காலம் அது. இராயப்பு ஒருநாள் கொண்டுவந்த மாங்காயைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். அதற்குப் பிறகு அவர் வெறுங்கையோடு வந்தால் முகத்தைச் சுளிக்கவும் பழகிவிட்டார்கள்.

ஆனால் மாங்காய் வந்த வழியால் மனிதர் வரவில்லை. பாலச்சந்திரன் என்ற வாத்தியார் ஒருவர் விசாவில்லாமல் பாங்கொக்கில் அலைவதைக் கண்டு, இராயப்பு அவரைப் படிக்குக் கூட்டிவந்தார். வாத்தியாருக்கு அது தெருவைக் கடக்கிற மேம்பாலமாக மட்டுமே இருந்தது. ஏறி, நடந்து, எதிர்ப்பக்கம் இறங்கி, ஒரு மருந்துக்கடை வாசலில் நின்றார். இராயப்பு லாச்சப்பலில் தனியே நின்றார். அன்று முதல் அவர் மனதில் இரண்டு பயம் இருந்தது. மரியமலரைக் கண்டுபிடியாமல் விட்டுவிடுவேனோ என்பது ஒன்று. கண்ட பிறகும் கொண்டுவர முடியாதோ என்பது மற்றது, அதுதான் பெரிது.

அவர் சந்தைகளைத் தேடினார், ஆஸ்பத்திரிகளைத் தேடினார், கத்தோலிக்கக் கோவில்களில் சனம் உட்காருகிற வாங்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். புத்த விகாரைக்குள் மட்டும் போகவில்லை. கடை எரிந்த நாளிலிருந்து, சிங்களப் பிக்குமாரின் நினைப்பில், காவி அங்கியைக் கண்டால் தெருவின் மறுகரைக்குப் போவது அவர் வழக்கம். தெருவுக்குத் தெரு பிக்குமார் நடக்கிற ஊரில் இதனால் மறுகரைக்கும் இக்கரைக்குமாக ஊசிநூல்போல ஓடித் திரிந்தார். மரியமலரும் அப்படியேதான் இருப்பார், விகாரைப் பக்கம் தலைவைத்தும் படுக்கமாட்டார் என்று அவருக்கு நிச்சயமாகத் தெரிந்திருந்தது. எங்கள் ஆட்கள் யாரைக் கேட்டிருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார்கள்.

ஐப்பசி வெள்ளத்தில் தெருக்கள் இடுப்பளவு தண்ணீரில் நின்றன. படகுக்காரன் இனிப் போகமுடியாது என்று சைகை காட்டி, உயரமாயிருந்த ஒரே இடத்தில் அவரை இறக்கினான். அது விகாரையின் படித்துறை. இராயப்பு மேலே ஏறாமல் நெஞ்சுவரை தண்ணீரில் நின்றார். ஒரு கிழட்டுப் பிக்கு குடையை மடக்கி, அதன் வளைந்த பிடியை அவர் பக்கம் நீட்டினார். இராயப்பு நெடுநேரம் அதைப் பார்த்தார். தண்ணீர் கழுத்துக்கு வந்ததும் பிடித்துக்கொண்டார். மேலே, வெள்ளை உடுத்த துறவிப் பெண்களின் சமையற்கொட்டிலில், கழுத்தில் செபமாலையோடு ஒரு பெண் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். மரியமலர்.

“இவ்வளவு நாளும் எங்கை நிண்டனீங்கள்?”

“இந்த வாசலாலை எத்தினை தரம் போனனான் தெரியுமே. உள்ளுக்கு வரேல்லை. நீர் இஞ்சை வருவீர் எண்டு நான் நினைக்கேல்லை” என்றார் இராயப்பு.

“நானும் பயந்தனான். ஓடேக்கை இந்த ஒரு வாசல்தான் திறந்து கிடந்தது” என்றார் மரியமலர்.

வெள்ளம் வடிந்த அன்று இருவரும் கைகோத்துப் படியேறினார்கள். மரியமலரின் விரல்களை இராயப்பு வலிக்கும்படி பிடித்திருந்தார். பாதிப் படியில் பிடி அப்படியே இருந்தது, விரல்கள் இல்லை. லாச்சப்பலில் ரயில் ஒன்று வந்து நின்று போனது. அவர் தரையில் உட்கார்ந்து பிள்ளைபோல அழுதார். லூசியன் தீக்கே கூண்டைப் பூட்டிவிட்டு வந்து, பக்கத்தில் உட்கார்ந்தார். அன்று அந்த நிலையத்தில் கொஞ்ச நேரம் தீக்கே விற்கவில்லை.

பாங்கொக்கில் தங்கினால் இருவரும் சிறை போக வேண்டும், பாரிசில் இராயப்பு போட்டிருந்த அகதி வழக்கும் போய்விடும். ஆகவே அவர்கள் அப்படியே குடும்பம் நடத்தினார்கள். இராயப்பு காலையில் இறங்கிப்போய், விகாரைக் கொட்டிலில் மனைவியோடு சோறு தின்று, மாலையில் கோப்பை கழுவ வந்தார். 86 முடிவில் ஒரு பெண்பிள்ளை பிறந்தது. பாரிசில் கூப்பிடச் சுகமாயிருக்கும் என்று ஆலீஸ் என்று பெயர் வைத்தார்கள். கடதாசிகளின்படி பிரான்சை விட்டு ஒருநாளும் வெளியேறாதவருக்குப் பிள்ளை எப்படி என்று லாச்சப்பலில் ஒருவரும் கேட்கவில்லை. வாய் சும்மா இராத சனம் நாங்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் மரியாதையாக இருந்தோம். கிறிஸ்தோப்பர் கடையில் கற்கண்டு கொடுத்தார்.

இராயப்புவுக்கு அகதிக்காட் கிடைத்து, மனைவிக்கும் பிள்ளைக்கும் விசா வந்து, 1989 ஆனியில் மரியமலரும் ஆலீசும் விமானத்தில் வந்தார்கள். அந்த நாட்களில் விமான நிலைய வாசலில் எங்கள் பிள்ளைகளின் அழுகைச் சத்தம் வழக்கமாயிருந்தது. தகப்பனைப் படத்தில் மட்டும் கண்ட பிள்ளைகள், கையை விரித்துக்கொண்டு கிட்ட வருகிற அந்நியனைக் கண்டு தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக் கத்தும். தகப்பன்மார் பொம்மையை நீட்டிக்கொண்டு, என்ன செய்வதென்று தெரியாமல் நிற்பார்கள். அன்றும் இரண்டு பிள்ளைகள் அப்படிக் கத்திக்கொண்டிருந்தன. ஆலீஸ் தாயின் கையை உதறிவிட்டு, சனத்துக்குள்ளால் நேரே இராயப்புவிடம் நடந்துவந்து, தூக்கச் சொல்லிக் கைகளை உயர்த்தினாள். தூக்கியதும் அவர் மூக்கைப் பிடித்து இழுத்தாள்.

“ஏனப்பா நேற்று வரேல்லை?” என்று கோபமாகக் கேட்டாள்.

“நேற்று நீங்கள் பிளேனுக்குள்ளை எல்லே இருந்தனீங்கள், குஞ்சு” என்றார் இராயப்பு.

அது சரிதான் என்று ஆலீஸ் ஒத்துக்கொண்டாள். கிறிஸ்தோப்பர் பெட்டிகளை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தார்.