கதவைக் கொடுத்தவள்

கதவே இல்லாத வாசலில் முட்டி, சபைச் செயலாளர் மூக்கை உடைத்துக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை. தையல்காரிக்குப் புத்தி சொல்லத்தான் போனேன் என்று கட்டுப்போட்ட மூக்கோடு சாதித்தார். அவள் வீட்டுக்கு யார் யார் வந்துபோகிறார்கள் என்று நோட்டம் பார்க்கப் போனார் என்பது தெருவுக்கே தெரியும். அவருக்கு முன்னால் போன நாய் தாராளமாக உள்ளே படுத்திருந்தது.

கதவு போனது இப்படி. சபையின் திருவிருந்து மேஜையைக் கரையான் தின்றுவிட்டது. புது மேஜை வேண்டுமென்று சபையார் இரண்டு வருடம் உருக்கமாக ஜெபித்தார்கள். வேறு யாராவது கொடுக்க வேண்டும் என்பதே ஜெபத்தின் சாரம். கேட்டுக் கேட்டுச் சலித்த தையல்காரி, தன் வீட்டுத் தேக்குக் கதவைக் கழற்றித் தச்சரிடம் கொடுத்து, மேஜையாக்கிக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். அவளிடம் உருப்படியாக இருந்த ஒரே பொருள் அது. போதகர் நெகிழ்ந்துபோய், கர்த்தரே நம் காவல் என்று ஒரு மணி நேரம் பிரசங்கித்துவிட்டு, மேஜைக்காகக் கோயிலுக்கு இன்னொரு பூட்டு வாங்கினார்.

அவளுக்கு வேறொரு நினைப்பும் இருந்தது. இன்னொருத்தியோடு போய்விட்ட லாரி டிரைவர் புருஷன் திரும்பி வரும்போது, கதவைத் தட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. ஜெபம் பலித்தவர்கள் எழுந்து சாட்சி சொல்வது அந்தச் சபையின் வழக்கம். இவளோ வாராவாரம் எழுந்து, புருஷனைத் திருப்பிக் கொடுத்ததற்காக நன்றி சொன்னாள்.

"வராத ஆளுக்கு எதுக்கும்மா நன்றி?" என்றார் செயலாளர்.

"வந்தப்புறம் எல்லாரும்தான் சொல்லுவாங்க" என்றாள்.

மழைச் சாரல் வாசலோடு நின்றது. திருட வந்தவன் நெற்றி வீங்கிப் போனான். மனசில் ஒன்றை வைத்துக்கொண்டு வருகிறவர்களுக்கு அந்த வாசல் சுவர் என்று தெரு புரிந்துகொண்டது. அதன்பிறகு அவள் வீட்டுக்கு விருந்தாளிகள் வெகுவாகக் குறைந்தார்கள்.

நான்காம் வருடம் புருஷன் வந்தான், வீட்டுத் தரகரோடு. வீடு அவன் பேரில் இருந்தது, விற்க வந்திருந்தான். இரண்டு பேரும் சேர்ந்தே முட்டிக்கொண்டார்கள்.

"என்னடி வச்சிருக்கே வாசல்ல?"

"ஒண்ணுமே இல்லைங்க. உள்ள வாங்க."

வீட்டை விற்றால் தெருவில் நிற்கப்போவது அவள்தான். தெரிந்தேதான் கூப்பிட்டாள். அவனை ஒருமுறை வீட்டுக்குள் பார்த்துவிட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு. கையைப் பிடித்து இழுத்தும் பார்த்தாள். அவனுக்குத் தோள்பட்டை பிசகியதுதான் மிச்சம். கதவில்லாத வீட்டைக்கூட விற்றுவிடலாம், வாசலில்லாத வீட்டை முடியாது என்று தரகர் கிளம்பிப் போனார்.

அந்த இன்னொருத்தி ஏற்கெனவே துரத்திவிட்டிருந்ததால், போக்கிடமில்லாமல் அவன் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். உள்ளிருந்து சோறு வந்தது, பாய் வந்தது, தோளுக்கு ஒத்தடமும் வந்தது. மானங்கெட்டவள் என்றது சபை. இதே சங்கதியை வேதத்தில் வாசித்தால் கண்ணீர் விடுகிற சபை அது. ஜெபிக்க வந்த போதகர், தெருக் காற்று உடம்புக்கு நல்லது என்று வெளியிலேயே நின்று முடித்துக்கொண்டார். "கர்த்தர் ஏதோ நினைச்சிருக்கார்" என்று அவள் மிஷினை மிதித்தாள். அழுகை வந்தால் இன்னும் வேகமாக மிதிப்பாள். மாதங்கள் போயின. சும்மா உட்கார்ந்து சாப்பிடக் கூச்சப்பட்டு, அவன் பட்டன் தைக்க ஆரம்பித்தான். முதலில் எல்லாம் கோணலாக இருந்தது. அவள் பிரித்துப் பிரித்துக் கொடுத்தாள்.

ஒரு மத்தியானம், சொல்லாமல் கொள்ளாமல் மழை கொட்டியது. படியில் பள்ளிக்கூடச் சட்டைகள் குவிந்து கிடந்தன. அத்தனையையும் வாரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடினான்.

"துணி நனையுது, நகரு."

அவள் நகர்ந்தாள். சட்டைகளைக் கட்டிலில் போட்டு, எதுவும் நனையவில்லை என்று தடவிப் பார்த்த பிறகுதான், தலைக்கு மேல் கூரை இருப்பது அவனுக்கு உறைத்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். மழைக்கு ஒதுங்கி எதிரே நின்றவர்கள் பார்த்தார்கள். வீட்டுக்காரன் வீட்டுக்குள் இருப்பதில் பேச என்ன இருக்கிறது என்று மழை விட்டதும் கலைந்தார்கள்.

அவள் துண்டை எடுத்து நீட்டினாள்.

"தலையைத் துவட்டுங்க. சோறு ஆறுது."