மரம் தொடாத கருப்பு

பீப்பாயின் தக்கையைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டிக் கிளப்பிவிட்டு, மூக்கண்ணனின் மைத்துனன் கண்ணாடிக் குழலை உள்ளே இறக்கினான். மேல்முனையைக் கட்டைவிரலால் அடைத்து வெளியே எடுத்தபோது குழல் முழுக்கக் கருப்பாக நின்றது. அதைச் சின்னக் கோப்பையில் விட்டு மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டான்.

"கருகின சர்க்கரை மாதிரி இருக்கு மாமா. பழைய மர அலமாரியத் தொறந்தா ஒரு வாடை வருமே, அதுவும் இருக்கு. அடியில லேசா வெனிலா."

"காடி வாடை?"

"இல்ல."

"பெயிண்ட் கியிண்ட்?"

"சுத்தமா இருக்கு மாமா. நான் சொல்றேன்ல."

மூக்கண்ணன் கோப்பையை வாங்கி ஒரு வாய் குடித்தார். நாக்கில் கசப்பு தெரிந்தது. அதன் ஓரத்தில் கொஞ்சம் இனிப்பு. தொண்டையில் சூடு இறங்கியது. அவ்வளவுதான். ஏழாம் பீப்பாயின் அட்டையில் "நன்றாக வருகிறது, இன்னும் இரண்டு மாதம் விடவும்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்த பீர் தொழிற்சாலையில் எல்லோருக்கும் அவர் மூக்கண்ணன். மூக்கு ஒன்றும் பெரிதில்லை. கேண்டீனில் எண்ணெய் மாற்றவில்லை என்பதை மாடிப்படி ஏறும்போதே சொல்லிவிடுவார். "அண்ணே, நான் நேத்து எங்க போனேன்னு என் பொண்டாட்டிகிட்ட சொல்லிடாதீங்க" என்று லோடு ஏற்றுகிறவர்கள் கும்பிடு போடுவார்கள். லேபிளில் 'மரப்பீப்பாயில் முதிர்ந்த ஏல் பீர்' என்று அச்சிட்டிருக்கும் சரக்கைத் தொழிலாளிகள் 'கருப்பு' என்பார்கள். சாதாரண பீரைப்போல இரண்டு மடங்கு போதை. பதினான்கு மாதம் ஓக் மரப் பீப்பாய்க்குள் கிடக்கும். எது பக்குவம், எது கெடப்போகிறது, எதை எதோடு கலப்பது என்பதை இருபத்திரண்டு வருடமாக அவர் மூக்குதான் முடிவுசெய்தது.

மூன்று மாதத்துக்கு முன் அந்த மூக்கு போயிற்று.

தொட்டி கழுவுகிறவர் அன்று வரவில்லை. அவசரமாக ஒரு தொட்டி தேவைப்பட்டது. மாஸ்க்கின் வடிகட்டி கருத்துப்போயிருந்தது. புதிது கேட்டதற்கு, "அடுத்த வாரம் வந்துரும், இன்னிக்கு ஒரு நாள் சமாளிங்க" என்றார் ஸ்டோர்காரர். மூக்கண்ணன் சமாளித்தார். கழுவும் அமிலத்தின் புகை தொட்டிக்குள் திரண்டு ஏறியபோது ஏணியைக் கை தேடியது மட்டும் நினைவிருக்கிறது. பத்து நாள் மூக்கிலிருந்து நீர் கொட்டியது. அது நின்றபின் எதுவும் திரும்பி வரவில்லை. வீட்டில் மனைவி சோப்பை நீட்டினாள், நறுக்கிய வெங்காயத்தை நீட்டினாள், கடைசியில் மண்ணெண்ணெய்த் துணியை நீட்டினாள். அவர் தலையசைக்க அசைக்க அவளுக்குத்தான் கண்ணில் நீர் வந்தது.

நடந்ததை ஆபீசில் எழுதிக் கொடுத்துவிடுகிறேன் என்று அவர் கிளம்பியபோது தடுத்தவன் மைத்துனன். மனைவிக்கு உடன்பிறந்தவன் அவன் ஒருத்தன்தான். ஆறு வருடத்துக்கு முன் வேலையில்லாமல் நின்றவனுக்காக மேனேஜர் அறை வாசலில் மூன்று நாள் காத்து நின்று இந்த வேலையை வாங்கிக் கொடுத்தவர் மூக்கண்ணன்.

"எழுதிக் கொடுத்தா டெஸ்ட் பண்ணுவாங்க மாமா. மூக்கு போச்சுன்னு தெரிஞ்சா மறுநாளே வீட்டுக்கு அனுப்பிருவாங்க. கொஞ்ச நாள் பொறுங்க, தானா வந்துரும். அதுவரைக்கும் நான் இருக்கேன்ல?"

"கேளுங்க, தம்பி சரியாத்தான் சொல்றான்" என்றாள் மனைவி.

அன்றிலிருந்து அவன் முகர்ந்து சொல்வான், இவர் எழுதுவார். அவன் மூக்கு மோசமில்லை. 'அலமாரி வாடை' என்று அவன் சொன்னால் அது எந்த அளவு மரம், இன்னும் எத்தனை நாள் தாங்கும் என்று இவருக்குக் கணக்குத் தெரியும். அவன் மூக்கும் இவர் அனுபவமும் சேர்ந்து ஒரு ஆள் வேலையைச் செய்தன. எந்தப் பீப்பாயும் கெடவில்லை.

ஏழாம் பீப்பாயின் தக்கையை அடித்து மூடிக்கொண்டிருந்தபோது மேனேஜர் கூப்பிடுவதாக ஆள் வந்தது. புதிதாக ஒரு பெரிய ஓட்டல் கேட்கிறதாம், எட்டாம் பீப்பாயைத் திறக்கலாமா என்று மூக்கண்ணன் குடித்துப் பார்த்துச் சொல்ல வேண்டுமாம்.

"நீங்க முன்னாடி போங்க மாமா, நான் எடுத்துட்டு வர்றேன்" என்றான் மைத்துனன்.

மாடிப்படியில் அவரைப் பிடித்துவிட்டான். கையில் தட்டு, தட்டில் கால்வைத்த கண்ணாடிக் கோப்பை. குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"மரம் நல்லா ஏறியிருக்கு. வெனிலா தூக்கலா இருக்கு. பயப்படாம சொல்லுங்க."

மேனேஜர் அம்மா சிரித்த முகமாக உட்காரச் சொன்னார். பக்கத்தில் கணக்குப் பிரிவு ஆள் ஒருவர் இருந்தார். மூக்கண்ணன் கோப்பையைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தார். பழுப்பு நுரை ஓரத்தில் ஒட்டி மெதுவாக இறங்கியது. மூக்கைக் கோப்பைக்குள் விட்டு, பழைய நாட்களில் இழுப்பதுபோலவே நீளமாக இழுத்தார். ஒரு வாய் குடித்து, கன்னம் இரண்டிலும் புரட்டி, விழுங்கினார். கசப்பு. இனிப்பு. சூடு.

"மரம் நல்லா ஏறியிருக்கு மேடம். வெனிலா கொஞ்சம் தூக்கல். தாராளமா திறக்கலாம்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க. மரம் தெரியுதா?"

அவர் மறுபடி குடித்தார். "நல்லாவே தெரியுது மேடம்."

மேனேஜர் அம்மாவின் சிரிப்பு போகவில்லை. "இது எட்டாம் பீப்பாய் இல்லைங்க. போன வாரம் காய்ச்சி ஸ்டீல் டேங்க்ல விட்டது. மரத்தக் கண்ணாலகூடப் பாத்ததில்ல."

மூக்கண்ணன் திரும்பிப் பார்த்தார். மைத்துனன் வெறும் தட்டைத் தொடையோடு சேர்த்துப் பிடித்தபடி, தரையில் ஒன்றுமில்லாத ஓர் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மூக்கு இங்கதான் மேடம் போச்சு. தொட்டிக்குள்ள. மாஸ்க் கேட்டேன், தரல."

"அப்படி ஒரு பதிவும் இல்லையே." அவர் கணக்குப் பிரிவு ஆளைப் பார்த்தார். அந்த ஆள் இல்லையென்று தலையசைத்தார். "அன்னிக்கே எழுதிக் கொடுத்திருந்தா ஏதாவது செஞ்சிருக்கலாம். மூணு மாசமா மறைச்சுட்டு இப்ப வந்து சொன்னா எப்படி?"

தட்டச்சு செய்த காகிதம் தயாராக இருந்தது. சொந்த உடல்நலக் காரணத்தால் தானாகவே வேலையிலிருந்து விலகுவதாக அவரே எழுதியதுபோன்ற கடிதம். கையெழுத்துப் போட மாட்டேன் என்றார். போடாவிட்டால் ஏமாற்றியதாக எழுத வேண்டிவரும், அப்புறம் சேர்த்துவைத்த பணமும் கைக்கு வராது என்று கணக்குப் பிரிவு ஆள் பொறுமையாக விளக்கினார். மூக்கண்ணன் போட்டார். கழுத்தில் தொங்கிய, சரக்கைக் குடித்துப் பார்க்கிறவர்களுக்கான மஞ்சள் அட்டையையும் கழற்றி வாங்கிக்கொண்டார்கள்.

மைத்துனன் பின்னாலேயே வராந்தாவுக்கு வந்தான்.

"என்னக் கூப்பிட்டுக் கேட்டாங்க மாமா. உண்மையச் சொல்லலன்னா ரெண்டு பேரையும் அனுப்பிருவோம்னாங்க. ரெண்டு பேரும் போனா வீட்ல யாரு பாக்கிறது?"

"எப்பக் கேட்டாங்க?"

"போன மாசம்."

ஒரு மாதம். தினமும் காலையில் ஒரே வண்டியில் வந்தார்கள். நேற்றுக்கூட அவர் தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிட்டான்.

"மரம் ஏறியிருக்குன்னு படியில சொன்னியேடா. சும்மா இருந்திருந்தாக்கூட நான் ஏதாவது மழுப்பியிருப்பேனே."

"அவங்கதான் மாமா அப்படிச் சொல்லச் சொன்னாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அக்காகிட்ட நீங்களே சொல்லிருங்க. என்னால முடியாது."

"எதச் சொல்லட்டும்? என் வேலை போனதயா, அது உனக்குக் கெடச்சதயா?"

கீழே யாரோ அவனைக் கூப்பிட்டார்கள். இன்னும் நான்கு பீப்பாய் பார்க்க வேண்டியிருந்தது. அவன் தயங்கி நின்றான், பிறகு போனான்.

வாசலில் காவலாளி வழக்கம்போல எழுந்து நின்றார். கதவைத் தள்ளப்போனவர் கையை இழுத்துக்கொண்டார்.

"அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. மஞ்சள் அட்டை இல்லாம வெளிய போற எல்லாரையும் வாய ஊதச் சொல்லி எழுதணும். உங்களுக்கும் உண்டுன்னு இப்பத்தான் உள்ளேருந்து போன் வந்துச்சு."

மூக்கண்ணன் அவர் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து ஊதினார். காவலாளி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"என்ன வாடை வருது?" என்று கேட்டார் மூக்கண்ணன்.

"என்னண்ணே கேக்கறீங்க?"

"நெஜமாத்தான் கேக்கறேன். எனக்குத் தெரியல. சொல்லு."

காவலாளி யோசித்தார். "சரக்கு வாடைதாண்ணே" என்றார்.

நோட்டைப் பிரித்து, மணி பார்த்து, 'பணி நேரத்தில் குடித்திருந்தார்' என்று ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். பிறகு அதை மூக்கண்ணன் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினார். காற்றுக்குத் தாள் புரண்டது. அவர் கையெழுத்துப் போடும்வரை அது பறக்காமல் இருக்க, காவலாளி தலையைக் குனிந்துகொண்டு இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார்.