சொல்லாமல் விட்ட அடி

கராத்தே கிளாஸ் முடியக் கடைசி ஐந்து நிமிடம்தானே என்று அவள் தலைக்கவசத்தைக் கழற்றி வைத்தாள். பட்டை தளர்ந்துபோய், அது கண்ணை மறைத்துக்கொண்டே இருந்தது. எதிரே நின்ற பியூட்டி பார்லர்காரப் பெண் வலது காலைத்தான் தூக்குவாள் என்று நினைத்து இவள் வலது பக்கமாகச் சாய்ந்தாள். அந்தப் பெண்ணோ இடது காலைத் தூக்கினாள். குதிகால் நேராக நெற்றிப்பொட்டில் வந்து இறங்கியது.

சத்தம்கூடப் பெரிதாக இல்லை. ஹாலின் மறுகோடியில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்குக் கால் வைக்கும் முறையைக் காட்டிக்கொண்டிருந்த மாஸ்டர் திரும்பியே பார்க்கவில்லை.

“ஐயோ, அக்கா! பட்டுடுச்சா?”

“ஒண்ணும் இல்லடி. உரசிட்டுப் போச்சு.”

“கண்ணு ஒரு மாதிரி இருக்கு. மாஸ்டர்கிட்ட சொல்லட்டுமா?”

“வாய மூடு. நாலு வாரத்துல டெஸ்ட். ஏதாவது சொன்னே, நான் உதைப்பேன் உன்னை.”

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சுவரிலிருந்த கடிகாரம் இரண்டாகத் தெரிந்தது. கொஞ்ச நேரம் பெஞ்சில் உட்கார்ந்து, அவை இரண்டும் ஒன்றாகும்வரை காத்திருந்துவிட்டுத்தான் எழுந்தாள்.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண்ணாடியை அறுத்துச் சட்டத்தில் பொருத்தும் வேலையில் இருந்தாள். அதனால் கிளாஸில் எல்லோருக்கும் அவள் ‘கண்ணாடியக்கா’. இருபத்து நாலு வயதில் கராத்தே பழகத் தொடங்கியவள். நடுவில் மகள் பிறந்து, இரண்டு வருடம் விட்டுப்போய், மறுபடி வந்து, பிரவுன் பெல்ட் வரை ஏறியாகிவிட்டது. இனி மிச்சம் கறுப்பு ஒன்றுதான்.

வீட்டில் ஃபிரிட்ஜ் கதவில் கணவனின் ஷிப்ட் அட்டவணை ஒட்டியிருக்கும். அவன் பஸ் டிரைவர். அதில் செவ்வாய், வியாழன் மாலைகளையும் ஞாயிற்றுக்கிழமை காலையையும் அவள் சிவப்புப் பென்சிலால் வட்டம் போட்டிருப்பாள். அந்த நேரங்களில் அவன் வீட்டில் இருந்தாக வேண்டும். அதற்காக அவன் மற்றவர்களின் விடுமுறை நாட்களில் தான் வண்டி ஓட்டி, டூட்டி மாற்றி, சூப்பர்வைசரிடம் பல்லைக் காட்டி எப்படியோ ஓட்டிக்கொண்டிருந்தான்.

போன வருடம் அவளுக்கு விரல் முறிந்தது. மூன்று வாரம் மகளுக்கு ஜடை பின்னியது, காய் நறுக்கியது, துணி துவைத்தது எல்லாம் அவன்தான். கட்டுப் பிரித்த அன்று பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னான்: “இன்னொரு தடவ இப்படி ஏதாவது ஆச்சுன்னா, இதெல்லாம் வேணுமான்னு யோசிக்கணும்.” கோபமாகச் சொல்லவில்லை. அவன் அன்றே மறந்திருப்பான் என்றுதான் அவள் நினைத்தாள். அவளுக்கு மட்டும் அது முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

அடிபட்ட அந்த ஞாயிறு மதியம் வீட்டுக்கு வந்தபோது அவன் கேட்டான்: “எப்படிப் போச்சு?”

“சூப்பரா போச்சு.”

சொன்ன கையோடு குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு வாந்தி எடுத்தாள். தண்ணீர்ச் சத்தத்தில் அது வெளியே கேட்டிருக்காது என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

திங்கட்கிழமை கடையில் வேலை ஓடவில்லை. கண்ணாடியை அறுப்பதற்கு முன், கண்மணி எங்கே வருமோ அந்த இடத்தில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அது ஒரு மில்லிமீட்டர் தள்ளிப்போனால் போட்டுக்கொள்கிறவருக்குத் தலை சுற்றும். அவள் வைத்தது ஒரு புள்ளி, தெரிந்தது இரண்டு. ஒரு கண்ணை மூடிக்கொண்டு வேலை செய்தாள். மதியம் ஒருவருடைய வலது கண்ணாடியை இடது பக்கத்தில் பொருத்திவிட்டதை முதலாளியம்மா கண்டுபிடித்தாள்.

“என்னம்மா, உனக்கே கண்ணாடி வேணும்போல இருக்கே?”

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். கண்ணாடியைக் கழற்றித் திரும்பப் பொருத்தினாள். பார்லர்காரப் பெண் அன்று மூன்று முறை போன் செய்தாள். அவள் எடுக்கவே இல்லை.

செவ்வாய் மாலை கிளாஸுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். போகாவிட்டால் வீட்டில் ஏன் என்று கேள்வி வரும், அதனாலேயே போனாள். தலைவலி என்று சொல்லி ஜோடிச் சண்டையிலிருந்து நழுவிக்கொண்டு, தனியாகக் கட்டா செய்தாள். கட்டா என்பது எதிராளி இல்லாமல், ஒன்றன்பின் ஒன்றாக வரும் அடி, தடுப்புகளைச் செய்துகாட்டுவது. நாலு வருடமாகத் தினமும் செய்கிற கட்டா அது. காலும் கையும் தானாகப் போகும். பதினோராவது அசைவில் திரும்பினாள். அதற்குப் பிறகு என்ன என்று தெரியவில்லை. மறந்துவிட்டதுபோலக்கூட இல்லை. அங்கே ஒன்றுமே இருந்ததில்லை என்பதுபோல வெறுமையாக இருந்தது. ஓங்கிய கையோடு அப்படியே நின்றாள். முதுகில் வியர்வை ஆறிக் குளிர்ந்தது.

“மூச்சு வாங்குதா? உட்காருங்க” என்றார் மாஸ்டர்.

நாளைக்கு டாக்டரிடம் போய்விட வேண்டும் என்று முடிவு செய்தாள். மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, நேராக, யாருக்கும் தெரியாமல்.

புதன்கிழமை காலை. கணவன் முதல் ஷிப்டுக்குப் போய்விட்டான். மகள் வாண்டுக்கு ஆறு வயது. ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்து, அம்மாவின் வயிற்றைச் சுற்றிக் கைகளைக் கோத்துக்கொண்டு, வழியெல்லாம் வாயாடிக்கொண்டே வரும். வகுப்பில் யாருக்குப் பல் விழுந்தது, அதை யார் டப்பாவில் போட்டு வைத்தார்கள் என்று ஏதோ கதை. அவள் ‘ம்’ கொட்டிக்கொண்டே ஓட்டினாள்.

“அம்மா, ஸ்கூல் தாண்டிடுச்சு.”

“ம்.”

“அம்மா! ஸ்கூல் எப்பவோ தாண்டிடுச்சு!”

அப்போதுதான் தெருவைப் பார்த்தாள். இருபக்கமும் இரும்புக் கடைகள், லாரிகள். இந்தத் தெருவுக்கு எப்படி வந்தாள்? சிக்னலில் நின்றாளா? எந்த முனையில் திரும்பினாள்? ஒன்றும் நினைவில் இல்லை. இத்தனை நேரம் குழந்தையைப் பின்னால் வைத்துக்கொண்டு, இவ்வளவு வண்டிகளுக்கு நடுவில் ஓட்டி வந்தது யார்? ஓரமாக நிறுத்தி, வாண்டை முதலில் கீழே இறக்கினாள். ஸ்டாண்டைப் போடக் காலை நீட்டினாள். கால் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. வண்டி ஒரு பக்கம் சாய, அவள் நடைபாதையில் உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பாவுக்குப் போன் பண்ணு” என்று சொல்ல வாயெடுத்தாள். வார்த்தை குழறி வேறு ஏதோவாக வெளியே வந்தது. அதைக் கேட்ட வாண்டின் முகம் மாறியதைப் பார்த்தாள். அடிபட்டதைவிட, வாந்தி எடுத்ததைவிட, கட்டா மறந்துபோனதைவிட அந்த முகம்தான் அவளைக் கதிகலங்க வைத்தது. தன் பிள்ளை தன்னைப் பார்த்து இரண்டு அடி பின்னால் போனது. பின்னால் லாரிகள் போய்க்கொண்டிருந்தன. கையை நீட்டிப் பிடிக்கப் பார்த்தாள், எட்டவில்லை.

நல்ல வேளையாக வாண்டு அழுதுகொண்டே திரும்ப வந்து அவள் பையிலிருந்து போனை எடுத்தது. அப்பாவுக்கு அடித்தது. பஸ் ஓட்டும்போது அவன் எடுக்க மாட்டான். எடுக்கவில்லை. பட்டியலில் அடுத்து, சிவப்பு எழுத்தில் மூன்று தவறிய அழைப்புகளோடு இருந்த பெயரை அமுக்கியது. ஒரே ரிங்கில் எடுத்தாள் பார்லர்காரப் பெண்.

“அக்கா, ஏன் போனே எடுக்கல நீ?”

“அம்மா கீழ உட்கார்ந்துட்டாங்க. என்னமோ மாதிரி பேசறாங்க.”

“எங்கடா இருக்கீங்க? பக்கத்துல என்ன கடை இருக்கு, எழுத்துக் கூட்டிப் படி!”

வாண்டு இரும்புக் கடையின் பலகையை ஒவ்வோர் எழுத்தாகப் படித்தது. பத்து நிமிடத்தில் அவள் ஆட்டோவில் வந்து குதித்தாள். கையில் முடிச்சாயம் பூசிய உறை அப்படியே இருந்தது. பாதி சாயத்தோடு யாரோ ஒரு வாடிக்கையாளரை நாற்காலியில் விட்டுவிட்டு வந்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு மெல்லப் பேச்சு தெளிந்தது. படம் எடுத்துப் பார்த்தார்கள். மண்டையோட்டுக்குக் கீழே கொஞ்சம் ரத்தம் கசிந்திருந்தது. இரண்டு நாள் வைத்துப் பார்ப்போம், கசிவு கூடாமலிருந்தால் மண்டையைத் திறக்க வேண்டியதில்லை என்றார் டாக்டரம்மா. “அடிபட்ட பிறகு பயிற்சிக்குப் போனீங்களா? அங்கே இன்னொரு அடி விழுந்திருந்தா…” என்று தொடங்கியவர், கட்டிலோரம் நின்ற வாண்டைப் பார்த்துவிட்டு மிச்சத்தை விழுங்கிக்கொண்டார்.

கணவன் யூனிஃபார்மோடு வந்தான். பார்லர்காரப் பெண் அவன் காலில் விழாத குறை. “நான்தான் அண்ணா. என் கால்தான். அன்னிக்கே உங்ககிட்ட சொல்லியிருக்கணும்” என்று தேம்பினாள். அவன் அவளிடம், “நீ முதல்ல குழந்தைக்கு ஏதாவது வாங்கிக் குடும்மா” என்று சொல்லி இருவரையும் வெளியே அனுப்பினான். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

திட்டுவான் என்று அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஞாயித்துக்கிழமையே எனக்குத் தெரியும்” என்றான்.

அவள் கண்ணைத் திறந்தாள்.

“நீ செவுத்தப் புடிச்சுக்கிட்டு நடந்தே. குழாயத் தொறந்து விட்டாலும் கேக்குது. என்னமோ ஆயிடுச்சுன்னு தெரிஞ்சுது.”

“தெரிஞ்சும் ஏங்க கேக்கல?”

“கேட்டா, கராத்தேய நிறுத்தச் சாக்கு தேடறேன்னு நினைப்பே. விரல் ஒடஞ்சப்ப ஒரு வார்த்தை சொன்னேன். அதுக்கு ஒரு மாசம் என் மூஞ்சியப் பார்த்து நீ பேசல. மறுபடி எதுக்குன்னு விட்டுட்டேன். இன்னிக்கு நான் ஷிப்ட மாத்திக்கிட்டு நானே அவள ஸ்கூல்ல விட்டிருக்கலாம். மனசு சொல்லிச்சு. மாத்தல.” அவன் பிள்ளை போன கதவைப் பார்த்தான். “பஸ்ல ஐம்பது பேர வச்சுக்கிட்டு ஒவ்வொரு கண்ணாடியும் பார்த்துப் பார்த்து ஓட்டறேன். என் வீட்டு ரெண்டு பேர…”

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். ஒரே வீட்டில் மூன்று நாள், ஒருவர் பயம் ஒருவருக்குத் தெரியாமல் இருவரும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றிருக்கிறார்கள். நடுவில் பிள்ளை ஸ்கூட்டரில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. அதை நினைத்ததும் அவன் மணிக்கட்டை இன்னும் இறுக்கிப் பிடித்தாள். நர்ஸ் வந்து போர்வையை இழுத்து மூடிவிட்டுப் போனாள்.

ரத்தக் கசிவு கூடவில்லை. மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு மாதம் வண்டி ஓட்டக்கூடாது, சண்டைப் பயிற்சி கூடவே கூடாது. டெஸ்ட் நாள் வந்து போனது. அன்று அவள் கடையில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு புள்ளியும் ஒன்றாகவே தெரிந்தது. ஆனாலும் ஒவ்வொன்றையும் உற்று உற்றுப் பார்த்தாள்.

பள்ளிக்கு இப்போது நடைதான். வாண்டு முன்னைப்போல வாயாடுவதில்லை. அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு திருப்பத்திலும் நின்று, “இங்க எந்தப் பக்கம், சொல்லு” என்று கேட்கும். சரியாகச் சொன்ன பிறகுதான் அடுத்த அடி வைக்கும். வாத்தியாரம்மா மாதிரி கேட்கிறாயே என்று முதலில் சிரித்தாள். ஒருநாள் வேண்டுமென்றே விளையாட்டாகத் தப்பாகச் சொன்னாள். பிள்ளை நடுத்தெருவில் வீறிட்டு அழுதது. அதற்குப் பிறகு அவள் அப்படி விளையாடவே இல்லை.

ஆறு மாதம் கழித்து, இனிப் பயிற்சி செய்யலாம் என்று டாக்டரம்மா எழுதிக்கொடுத்தார். அந்தத் தாளை அவள் கணவனிடம் நீட்டினாள். அவன் இரண்டு முறை படித்தான்.

“போகணுமா?”

“போகணும். ஆனா பயமா இருக்குங்க.”

“எனக்கும்தான்” என்றான். “என்ன பட்டாலும், அங்கேருந்தே எனக்குப் போன் பண்ணிடு. நகச்சுத்தின்னாலும் சரி.”

ஞாயிற்றுக்கிழமை மூவருமாகப் போனார்கள். புதிய தலைக்கவசத்தின் பட்டையை அவன் இழுத்து இழுத்துப் பார்த்தான். எதிரே பார்லர்காரப் பெண் வந்து நின்றாள். அந்த ஆறு மாதமும் அவள் யாரையும் உதைக்கவில்லை என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். இருவரும் குனிந்து வணங்கினார்கள். மாஸ்டர் கையைத் தட்டினார். இரண்டு பேருமே அசையவில்லை. பெஞ்சில் வாண்டு அப்பாவின் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

“வாடி” என்றாள் அவள். “மெதுவா வா.”

அந்தப் பெண் காலைத் தூக்கினாள். அவள் பின்னால் நகராமல் நின்று, கையால் தடுத்தாள்.