தொண்ணூற்றொன்பதில் நின்ற ரூட்டர்

ஆயுத பூஜை விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்த அன்றைக்கே சங்கமித்ராவுக்கு வந்தது வினை.

ராயபுரத்தில், கப்பலேறும் சரக்குக்குக் காகிதம் அனுப்பும் கிளியரிங் ஆபீஸ் அது. இருபது கம்ப்யூட்டர், அத்தனையையும் வெளியுலகத்தோடு சேர்த்துவைப்பது மூலையில் இருக்கும் ஒற்றை ரூட்டர். அதைப் பார்த்துக்கொள்ளத்தான் வியாசர்பாடிப் பெண் சங்கமித்ராவை மூன்று மாதம் சோதனைக்கு வைத்திருந்தார்கள். அந்த மூன்று மாதம் இன்றோடு முடிகிறது. பார்த்துப் பார்த்து இன்றைக்குத்தானா படுத்துக்கொள்ள வேண்டும் இந்தப் பெட்டி!

ரூட்டரைத் தன் கம்ப்யூட்டரோடு நேரே இணைத்துப் பார்த்தாள். வழக்கமாக ஐந்து சதவீதத்தைத் தாண்டாத அதன் பிராசஸர், தொண்ணூற்றொன்பதில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

மேனேஜர் பரசுராமன் வந்தார். ரூட்டரின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் கண்டார். உடனே தீர்ப்பும் சொல்லிவிட்டார்: பொட்டு காற்றோட்ட ஓட்டையை அடைத்துவிட்டது, சூட்டில் பெட்டி போய்விட்டது. நாலு மணிக்குள் இறால் கன்டெய்னரின் காகிதம் போகாவிட்டால் கப்பல் அதை விட்டுவிட்டுப் போய்விடும். அப்புறம் சங்கமித்ராவும் வேறு வேலை பார்த்துக்கொள்ளலாம் என்றார். ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்.

பொட்டு வைத்தவர் பியூன் பொன்ராஜ். எண்ணூர்க்காரர், முழங்கால் போனபிறகு படகை விட்டு இங்கே வேலைக்கு வந்தவர். பூஜையில் மிஞ்சிய பொரிப் பொட்டலத்தோடு, பாவம், திருட்டு முழி முழித்துக்கொண்டு நின்றார். சங்கமித்ராவுக்குப் பொறுக்கவில்லை. பெட்டியைத் தொட்டுப் பார்த்தாள், சூடே இல்லை. பொட்டும் ஓட்டைப் பக்கமே போகவில்லை.

ஆபீஸுக்குள்ளிருந்து வரும் வயரை ரூட்டரிலிருந்து பிடுங்கினாள். தொண்ணூற்றொன்பது மளமளவென்று இறங்கி மூன்றில் நின்றது. திரும்பச் சொருகினாள், விர்ரென்று ஏறியது. ஆக, ரூட்டர் நல்ல பிள்ளை. உள்ளேயிருந்து ஏதோ ஒன்று அதைப் போட்டு வதைக்கிறது.

எல்லாக் கம்ப்யூட்டர் வயரும் வந்து சேருகிற ஸ்விட்ச் பெட்டிக்குப் போனாள். விளக்குகள் எல்லாம் பைத்தியம் பிடித்தமாதிரி துடித்தன. வயர்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். பதினேழாவதைப் பிடுங்கியதும் எல்லாம் அடங்கிவிட்டது. அந்த வயரைப் பிடித்துக்கொண்டே மேசைக்கு அடியில் தவழ்ந்தாள். அங்கிருந்த கம்ப்யூட்டர் ரிப்பேருக்குப் போய் ஒரு வாரமாகிறது. வயரின் மறுமுனை சும்மா கிடக்க வேண்டும். அதுவோ அழகாகச் சுவரோரம் திரும்பி, அதே ஸ்விட்சின் இன்னொரு ஓட்டையில் உட்கார்ந்திருந்தது! ஒரு ஓட்டையில் போன செய்தி இன்னொன்றில் திரும்பி வந்து, பெருகிப் பெருகிச் சுற்றி, அத்தனையும் ரூட்டரின் தலையில் விழுந்திருக்கிறது.

"நைனா, இத யாரு சொருவினது?"

பொன்ராஜ் குனிந்து பார்த்தார். "நாந்தாம்மா. பூஜைக்கு தொடைக்க சொல்லோ ஒரு முனை தொங்கினு இருந்திச்சி. போட்டுல கயிறு அப்படி தொங்கினா எவனாவது கால் மாட்டி கடல்ல வுயுவான். இங்க ஒரு ஓட்டை சும்மாதான கீது, அதான் சொருவி வுட்டேன்."

மேசைக்கு அடியிலேயே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள் சங்கமித்ரா. என்னவென்று புரியாமலே பொன்ராஜும் சிரித்தார். மூன்று பத்துக்கு இறால் காகிதம் போய்ச் சேர்ந்தது.

பொன்ராஜை மாட்டிவிட அவளுக்கு மனசில்லை. ஆனால் அவரே மேனேஜர் அறைக்குப் போய், தப்பு தன்னுடையது, இந்தப் பொண்ணை அனுப்பிவிடாதீர்கள் என்று சொல்லிவிட்டார். பரசுராமன் வெளியே வந்து, மூன்று சதவீதத்தில் சாவகாசமாக இருந்த ரூட்டரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அடுத்த வருசம் பூஜைக்கும் பொட்டு நீயே வை, பொன்ராஜ்," என்றார். "வயரெல்லாம் இந்தப் பொண்ணு தொடைக்கட்டும்."

அடுத்த வருசமா? சங்கமித்ராவுக்கு அது உறைக்க ஒரு நிமிஷம் ஆயிற்று. உறைத்ததும் பொன்ராஜின் கையிலிருந்த பொட்டலத்தைப் பிடுங்கி, வாய் நிறையப் பொரியை அள்ளிப் போட்டுக்கொண்டாள்.