தலைக்கு இருபத்தையாயிரம்

பதினெட்டு வயதுப் பையனின் நல்ல பெயருக்கு அன்றைக்கு விலை இருபத்தையாயிரம் ரூபாய். ஐம்பதில் தொடங்கியதைப் பேசிப் பேசிப் பாதியாக இறக்கியவர் ராசிக் முதலாளி. முப்பது வருடமாகப் பலசரக்குக் கடை வைத்திருக்கிறவருக்குப் பொலிஸ் வாசலும் ஒரு சந்தைதான்.

மைதானத்தில் மூன்று பேர் சேர்ந்து ஒருவனின் கையை முறித்திருந்தார்கள். ராசிக்கின் மகன் அம்ஹர், சிங்கள பஸ் முதலாளியின் மகன் சமித், தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளி முத்துலிங்கத்தின் மகன் தனுஷன். யார் வீட்டிலிருந்து பணம் வருகிறதோ அந்தப் பையன்மேல் புகார் இல்லை என்று முறிபட்டவனின் தகப்பன் சொல்லிவிட்டார். வராவிட்டால் கைது. தனுஷனுக்குக் கட்டாரில் ஹோட்டல் வேலை சரிவந்திருந்தது. குற்றப்பதிவு இல்லை என்ற பொலிஸ் சான்றிதழ் மட்டும்தான் பாக்கி.

சமித்தின் அப்பா எண்ணிக் கொடுத்தார். ராசிக்கும் கொடுத்தார்.

முத்துலிங்கம் சுவரோரம் கைகட்டி நின்றார். தோட்டத்தில் வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் பேர் கூப்பிடும்வரை வாய் திறக்காமல் நின்று பழகிய மனிதர். இங்கேயும் அப்படியே நின்றார்.

ராசிக் கொண்டுவந்தது அறுபதாயிரம். மீதி சட்டைப் பையில் இருந்தது. கேட்காதவருக்குக் கடன் நீட்டுவது அவருடைய வியாபாரத்தில் இல்லை. கேட்கட்டும் என்று பார்த்தார்.

“என்ன முத்துலிங்கண்ணே, ஒண்டும் பேசாம நிக்கிறீங்க?”

“என்னத்த பேசறது மொதலாளி. கூப்பிட்டா போறேங்க.”

“கூப்பிட்டா முடிஞ்சிரும்.”

“சரிங்க.”

ராசிக் ஒரு பிளேன்டி, பாலில்லாத் தேநீர், குடிக்கிற நேரம் காத்திருந்தார். உள்ளே சார்ஜன்ட் புத்தகத்தைத் திறந்து தனுஷனின் பெயரைக் கேட்டார், இனத்தைக் கேட்டார், எழுதினார். முத்துலிங்கம் கட்டிய கையைப் பிரிக்கவில்லை.

திரும்பும்போது த்ரீவீலரில் அம்ஹர் சொன்னான்: “வாப்பா, அவன அடிச்ச கட்டை என்ட கையிலதான் இருந்த.”

“வாயப் பொத்து.”

வருடக் கடைசியில் மகள் ரிஸ்னா கடையில் பேப்பர் வாசித்தாள். “அடிதடிக்குப் புடிபட்ட பொடியன்மார் கணக்காம் வாப்பா, இனவாரியா போட்டிருக்கு. தோட்டத்துப் பொடியன்மார் கூடிட்டாங்களாம். எங்கட ஆக்கள் கொறைவாம்.”

ராசிக் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். நிறுத்து முடித்து, பையைக் கட்டினார். கணக்கு தானாக மனதில் ஓடியது.

அடித்தவர்கள்: சிங்களம் ஒன்று, முஸ்லிம் ஒன்று, தமிழ் ஒன்று. பிடிபட்டவர்கள்: தமிழ் ஒன்று. அன்றைக்குச் சட்டைப் பையில் மீதி: முப்பத்தையாயிரம்.