ஒன்பது சென்டிமீட்டர்

என் தம்பிக்கு லேத்துப் பட்டறையில் வேலை. பட்டறை என்றதும் கரியும் எண்ணெயுமாக நினைத்துவிட வேண்டாம். செருப்பைக் கழற்றி, தலைக்குத் தொப்பி மாட்டிக்கொண்டுதான் உள்ளே போக முடியும். முதுகெலும்பு ஆபரேஷனுக்கு வேண்டிய சின்னச் சின்ன உலோகக் குழாய்களை அங்கே கடைகிறார்கள். என் வீட்டுக்காரருக்கு இது போதாதா? கல்யாணமான நாளிலிருந்து அவனுக்குக் ‘குழாய்க்காரன்’ என்றுதான் பெயர். சமையலறைக் குழாய் சொட்டினால் பிளம்பரைக் கூப்பிட மாட்டார், தம்பிக்குத்தான் போன் போடுவார். "மாப்ளே, உன் சரக்கு ஒழுகுது, வந்து பாரு." அவனும் முறைத்துக்கொண்டே ஸ்பானரோடு வந்து நிற்பான்.

என் வீட்டுக்காரர் ஜன்னல்களுக்குக் கண்ணாடி பொருத்துகிறவர். நல்ல ஆகிருதி. ஆள் உயரக் கண்ணாடியைத் தனியாகவே தூக்கிக்கொண்டு மாடி ஏறுவார், யார் சொன்னாலும் கேட்க மாட்டார். அப்படி ஏறிய ஒரு நாள், மூன்றாவது மாடித் திருப்பத்தில், இடுப்பிலிருந்து இடது கால் வரை மின்சாரம் பாய்ந்ததுபோல் இழுத்துவிட்டது. கண்ணாடியைச் சுவரோரமாகப் பதமாகச் சாய்த்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் விழுந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் நான் அழுதுகொண்டு நின்றபோது அவர் சொன்ன முதல் வார்த்தை, "கண்ணாடி உடையல."

முதுகெலும்பில் டிஸ்க் என்கிற வட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துகிறது என்றார்கள். ஆறு வாரம் மாத்திரை, உடற்பயிற்சி. வலி குறைகிற மாதிரி இருக்கும், மறுநாள் திரும்ப வந்துவிடும். ஒரு நாள் காலை கடைக்குப் போனவர் ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தார். இன்னொன்று எங்கே என்று கேட்டால் குனிந்து பார்த்துவிட்டுத் திகைத்து நிற்கிறார். இடது காலிலிருந்து செருப்பு நழுவியதே அவருக்குத் தெரியவில்லை.

அன்றே டாக்டரம்மாவிடம் போனோம். பாதம் பலம் இழந்துகொண்டு வருகிறது, இனி தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்துவிட வேண்டும் என்றார். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். வீட்டுக்கு வந்ததும், "முதுகுல கத்தி வெச்சா அப்புறம் எழுந்து நடந்தவன் யாரு? நான் வரல" என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் கெஞ்சினேன், திட்டினேன், ஒரு நாள் முழுக்கப் பேசாமல் இருந்தேன். எதற்கும் அசையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தம்பி ஒரு தகரப் பெட்டியோடு வந்தான். "அக்கா, வீட்டைத் துடைக்கிற நூல் மாப்பு இருக்குல்ல, அதைக் கொஞ்சம் நனைச்சுக் கொண்டா" என்றான். ஒரு செய்தித்தாளைத் தரையில் விரித்து, ஈர மாப்பை அதன்மேல் கெட்டியாகச் சுருட்டி வைத்தான். பெட்டிக்குள்ளிருந்து விரல் தடிமன்கூட இல்லாத ஒரு கம்பியும், ஒன்றுக்குள் ஒன்று நுழையும் ஐந்தாறு குழாய்களும் வெளியே வந்தன. எல்லாம் பட்டறையில் கழித்துக்கட்டியவை.

"மாமா, இந்தப் பக்கம் திரும்புங்க. இதுதான் உங்க முதுகு."

"என் முதுகு இவ்வளவு அழுக்காவா இருக்கு?"

தம்பி சிரிக்கவில்லை. கம்பியை நூல்களுக்கு நடுவே மெல்லத் திருகி இறக்கினான். அதன்மேல் ஒரு குழாயை மாட்டி இறக்கினான். அதன்மேல் அடுத்தது, அதன்மேல் இன்னும் பெரியது. ஒவ்வொன்றும் இறங்க இறங்க நூல்கள் அறுபடாமல் ஒதுங்கிக்கொண்டே போயின. கடைசிக் குழாய் உட்கார்ந்ததும் உள்ளே இருந்தவற்றையெல்லாம் உருவி எடுத்துவிட்டான்.

"இப்போ கண்ணை வெச்சுப் பாருங்க. என்ன தெரியுது?"

என் வீட்டுக்காரர் முனகிக்கொண்டே கட்டிலிலிருந்து தலையை நீட்டினார். "ஒரு எழுத்து தெரியுது. ‘ழ’."

"அவ்வளவுதான். டாக்டருக்கு அந்த இடம் மட்டும் தெரிஞ்சா போதும். சதையை வெட்டறதில்ல மாமா, விலக்கறது. வேலை முடிஞ்சதும் இப்படி எடுத்துடுவாங்க." குழாயை உருவினான். ஈர நூல்கள் தாமாகவே சேர்ந்துகொண்டன.

என் வீட்டுக்காரர் அந்தக் குழாயைக் கையில் வாங்கினார். வெளிச்சத்தில் காட்டி உள்ளே பார்த்தார். "வெளியில பளபளன்னு இருக்கு. உள்ள ஏன் மங்கலா விட்டுட்ட?"

"உள்ளயும் பளபளன்னு இருந்தா விளக்கு வெளிச்சம் பட்டுத் திரும்பி டாக்டர் கண்ணைக் குத்தும்."

"ஆமா, கூசும்" என்றார். கண்ணாடியோடு இருபது வருடம் புழங்கியவருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. பிறகு கண்ணை மூடிக்கொண்டு விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவினார். பாதியில் விரல் நின்றது. "இங்க ஒரு முள் இருக்கே."

தம்பி நிமிர்ந்து பார்த்தான். "பூதக்கண்ணாடி வெச்சுத்தான் எங்களுக்கே அது தெரிஞ்சது. அதனாலதான் இதைக் கழிச்சோம்."

"ஒரு மயிரிழை இருக்குமா? இதுக்கா தூக்கிப் போட்டீங்க?"

"நரம்புக்குப் பக்கத்துல போறது மாமா."

அவர் நெடுநேரம் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார். தம்பி கிளம்பும்போது, "ஏண்டா, இவ்வளவு நாளா சொல்லவே இல்ல?" என்றார்.

"நீங்க எங்க கேட்டீங்க? குழாய் ஒழுகுதுன்னுதான் கூப்பிட்டீங்க."

மறுநாள் என்னை அழைத்து, "டாக்டரம்மாகிட்ட தேதி கேளு" என்றார்.

டாக்டரம்மா ஸ்கேன் படத்தில் அளவு பார்த்தார். தோலிலிருந்து எலும்பு வரைக்கும் ஆழம் சாதாரண ஆட்களைவிட அதிகம். ஒன்பது சென்டிமீட்டர் குழாய் வேண்டும், ஆஸ்பத்திரியில் இருப்பது எட்டு வரைதான், செய்கிற இடத்திலிருந்து வரவழைக்க ஒரு வாரம் ஆகும் என்றார். என் வீட்டுக்காரருக்கு இதில் ஒரு பெருமை. "பார்த்தியா, எனக்குன்னு தனியா ஆர்டர் கொடுக்கிறாங்க."

அந்த ஆர்டர் எங்கே போகும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. மூன்றாம் நாள் தம்பி நேராக நான் வேலை பார்க்கும் தபால் நிலையத்துக்கு வந்து நின்றான். தலைத் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"அக்கா, மாமாவோட ஒன்பது சென்டிமீட்டர். என் மெஷினுக்குத்தான் வந்திருக்கு."

நான்கு குழாய் கடைந்திருக்கிறான். பட்டறையில் குழாய்களைச் சரிபார்க்கிற அம்மா நான்கையும் சரி என்று எழுதிவிட்டார். இவனோ நான்கையும் எடுத்துக்கொண்டு போய்க் கழிவுப் பெட்டியில் போட்டிருக்கிறான். அந்த அம்மா விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, விளக்கடியில் நிறுத்தி, "நான் பாஸ் பண்ணதுல என்ன குறைன்னு காட்டு" என்று கேட்டிருக்கிறார். அரை மணி நேரம் பார்த்தும் இவனால் ஒரு குறையும் காட்ட முடியவில்லை. கடைசியில், இது யார் முதுகுக்குப் போகிறது என்ற விஷயத்தைச் சொல்லியிருக்கிறான். அதற்கு அந்த அம்மா கேட்டாராம்:

"உன் மாமாவுக்குன்னா கை நடுங்குது. இது வரைக்கும் அனுப்பினதெல்லாம் யார் முதுகுக்குடா போச்சு?"

"அதை நினைச்சாத்தான்மா இன்னும் நடுங்குது."

அந்த அம்மா நான்கில் ஒன்றை எடுத்துத் துடைத்து உறையில் போட்டாராம். "இதுதான் போகுது. நீ போய் டீ குடி."

இதை என்னிடம் சொல்லிவிட்டு, "மாமாகிட்ட மூச்சு விடாத. பயந்துடுவார்" என்றான். சரி என்றேன். பயம் யாருக்கு என்று எனக்குத் தெரியாதா?

ஆபரேஷன் அன்று காலை அவரைத் தள்ளுவண்டியில் படுக்கவைத்துப் பச்சைத் துணி போர்த்தியிருந்தார்கள். தம்பி வராந்தாவின் கோடியில் நின்று, சுவரில் ஒட்டியிருந்த கை கழுவும் முறையைப் பரீட்சைக்குப் படிப்பதுபோல் படித்துக்கொண்டிருந்தான். என் வீட்டுக்காரர் என்னைக் குனியச் சொன்னார்.

"மூணு நாளா அவன் என் முகத்தையே பார்க்க மாட்டேங்கறான். அந்தக் குழாய் அவன் பண்ணதுதான?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமா" என்றேன்.

"அப்பாடா!" என்று கண்ணை மூடிக்கொண்டார். "எவன் பண்ணதோன்னு ராத்திரியெல்லாம் தூக்கமே வரல."

வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். ஓடிப்போய்த் தம்பியிடம் அதை அப்படியே சொன்னேன். அவன் மறுபடியும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டான். இந்த முறை அவன் எதையும் படிக்கவில்லை.

ஒன்றரை மணி நேரம் கழித்து டாக்டரம்மா முகமூடியை இறக்கிக்கொண்டு வந்தார். பிதுங்கிய துண்டை எடுத்தாயிற்று, நரம்பு விடுபட்டுவிட்டது, வெளியில் தெரிகிற காயம் கட்டைவிரல் அகலம்தான் என்றார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன். தம்பி தயங்கித் தயங்கிக் கேட்டான். "டாக்டர், அந்தக் குழாய்... எப்படி இருந்துச்சு?"

"எந்தக் குழாய்?"

நான் விவரம் சொன்னேன். டாக்டரம்மா அவனை ஏற இறங்கப் பார்த்தார். யோசித்தார். "ஒண்ணுமே ஞாபகம் வரலையே! தொந்தரவு பண்ணியிருந்தா நல்லா ஞாபகம் இருந்திருக்கும்."

இதைப் பாராட்டாக எடுத்துக்கொள்வதா என்று தெரியாமல் அவன் நாற்காலியில் உட்கார்ந்தான். அப்புறம்தான் காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது.

சாயங்காலமே அவரை எழுப்பி நிற்க வைத்தார்கள். நர்ஸ் ஒரு பக்கம், தம்பி ஒரு பக்கம். "விடுடா, நானே நிக்கறேன்" என்றார் இவர். "பேசாம என்னைப் பிடிச்சுக்கங்க மாமா" என்றான் அவன். இடது கால் கட்டைவிரலை மேலே தூக்கச் சொன்னார் நர்ஸ். அது கொஞ்சம் யோசித்துவிட்டு மேலே வந்தது. எல்லோரும் அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

பாதத்துக்கு முழு பலம் வர இரண்டு மாதம் ஆனது. பெரிய கண்ணாடிக்கு இப்போது துணைக்கு ஒரு ஆள் வைத்துக்கொள்கிறார். தினம் அரை மணி நேரம் நடக்க வேண்டும் என்பது டாக்டரம்மாவின் உத்தரவு. அதற்குத் தம்பி வேலை விட்டதும் நேராக இங்கே வந்துவிடுகிறான். அரை மணி நேரம் என்று சொல்லிப் போகிறவர்கள் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான் திரும்புகிறார்கள். நேற்று மாடியிலிருந்து பார்த்தேன். தெருக்கோடி விளக்குக் கம்பத்தடியில் நின்று இருவரும் எதற்கோ கையை ஆட்டி ஆட்டி வாதாடிக்கொண்டிருந்தார்கள். மேலே வந்ததும், "அப்படி என்னதான் பேசினீங்க?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.