கடைசியாக ஓடுகிறவள்

“கடைசியா நான்தான் ஓடுவேன்னு நேத்தே சொன்னேன்ல—”

“சொன்னே, சொன்னே. நீ போய்த் திரும்பறதுக்குள்ள இந்தப் பிள்ளைங்க காலேஜ் முடிச்சிடும்.”

“முடிக்கட்டும்க்கா, உனக்கென்ன—”

“தோத்தா மானம் போறது எனக்குத்தானே.”

“உன் மானமெல்லாம் முட்டியிலதான் இருந்தது. அதுவே தேஞ்சாச்சு.”

அக்காவும் தங்கையும் ஆரம்பித்தால் நடுவே ஒருவர் தும்மக்கூட இடம் கிடைக்காது. அக்கா என் வகுப்புக்காரி. தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அதட்டல் மட்டும் இன்னும் ஓய்வு பெறவில்லை. தங்கை எங்களுக்கு இரண்டு வகுப்பு கீழே. தையல் கடை வைத்திருக்கிறாள். ஆள் குள்ளம் என்பதால் பள்ளியில் எல்லோருக்கும் அவள் சுண்டு. இன்றுவரை அதுதான் பெயர்.

பழைய மாணவிகள் கூடும் நாளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளோடு ஒரு தொடரோட்டம் ஓடுங்களேன் என்று விளையாட்டு டீச்சர் கேட்டிருந்தாள். எங்கள் பக்கம் அக்கா, நான், நூலகராக இருந்த நெட்டைக்காலி கொக்கு, சுண்டு. பயறு அடைத்த சின்னத் துணிப்பையோடு ஓடி, உடற்பயிற்சிக் கூடத்தின் மறுகோடியில் இருக்கும் கூம்பைச் சுற்றி வந்து, அடுத்தவள் கையில் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டு வரிசையின் வாலில் போய் உட்கார வேண்டும். கடைசி ஆள் மட்டும் யாரிடமும் கொடுக்காமல், கோட்டருகே கிடக்கும் வளையத்துக்குள் பையை வைத்துவிட வேண்டும். முதலில் வைக்கும் அணிக்கு ஜெயம்.

நாங்கள் படித்த காலத்துக் கூடமேதான். தரைப் பலகையை மாற்றிவிட்டார்கள், மேலே தொங்கிய கயிறுகளைக் காணோம். ஆனால் கதவைத் திறந்ததும் ரப்பர் மெத்தையும் வியர்வையும் கலந்த அந்தப் பழைய வாடை முகத்தில் வந்து மோதியது. கொக்கு கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

அப்போதைய டீச்சருக்கு ஒரே சட்டம்தான். வேகமானவள் கடைசி. அதனால் பள்ளி அணியில் எப்போதும் அக்கா கடைசி, அவளுக்கு முந்தியவள் சுண்டு. வருஷக்கணக்காகச் சுண்டு மூச்சிரைக்க ஓடி வந்து அக்கா கையில் பையைத் திணிப்பாள். அக்கா அம்பாகப் போய் வந்து வளையத்தில் வைப்பாள். கூடமே அக்கா பெயரைச் சொல்லி அதிரும். சுண்டு ஓடியதை யார் பார்த்தார்கள்?

இப்போது டீச்சர் விசிலை வாயில் வைத்தபடி காத்திருந்தாள். சுண்டு பதறுவாள், பையை நழுவ விடுவாள் என்று அக்கா என்னிடம் புகார் படித்தாள். கொக்கு, சீட்டுக் குலுக்கிப் போடலாமே என்று இழுத்தாள். இருவரும் அவளை ஒருசேர முறைத்ததில் அவள் ஷூ லேஸைக் கட்டப் போய்விட்டாள்.

சுண்டு குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“ஒரே ஒரு தடவை அந்த வளையத்துல நான் வைக்கணும்க்கா. அவ்வளவுதான்.”

அக்கா அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு முதல் ஆளாகப் போய்க் கோட்டில் நின்றுகொண்டாள்.

விசில். அக்கா நொண்டி நொண்டி ஓடினாள், ஆனாலும் ஓடினாள். என் ஓட்டத்தைப் பற்றிப் பேசாமலிருப்பது நல்லது. கொக்குவின் நீளக் கால்கள்தான் எங்களைக் கரை சேர்த்தன. அவளிடமிருந்து பையை வாங்கிக்கொண்டு சுண்டு பறந்தாள். இத்தனை நாள் தையல் மிஷினை மிதித்த கால் அல்லவா. கூம்பை அவள் சுற்றியபோது பிள்ளைகளின் கடைசிச் சிறுமி இன்னும் பாதி தூரத்தில் இருந்தாள்.

வரிசை நகர்ந்து நகர்ந்து அக்கா மறுபடி முன்னால் வந்திருந்தாள். உட்கார்ந்திருக்க முடியாமல் எழுந்து நின்று, தங்கையின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். சுண்டு அல்ல, அம்மா வைத்த முழுப் பெயர்.

சுண்டு கோட்டை நோக்கி வந்தாள். வளையம் கைக்கெட்டும் தூரத்தில் கிடந்தது. அவள் கண்ணோ அக்காவை விட்டு நகரவில்லை. நேராக வந்தாள், பையை அக்கா கையில் திணித்தாள், அப்படியே எங்களைக் கடந்து போய் வரிசையின் வாலில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

பின்னாலேயே வந்த சிறுமி தன் பையை வளையத்துக்குள் வைத்தாள். பிள்ளைகள் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். சுண்டு அவர்களைப் பார்த்தாள், வளையத்தைப் பார்த்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள்.

அக்கா அந்தப் பையைக் கீழே போடவில்லை. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தங்கை பக்கம் திரும்பினாள்.

“இதை வாங்கிட்டு நான் இனிமே எங்கடி ஓடறது?”